பாராடாங் ஒருநாள் பயணம்: திரும்பும் கான்வாயிலிருந்து கணக்குப் போடுங்கள்

அந்தமானுக்கு முதல்முறை போகிறவர்களிடம் டிராவல்ஸ்காரர் நீட்டும் பட்டியலில் ‘பாராடாங், ஒரு நாள்’ என்று கட்டாயம் ஒரு வரி இருக்கும். சுண்ணாம்புக் குகை, அலையாத்திக் காட்டுக்குள் படகு, சேற்று எரிமலை என்று மூன்று படம் போட்டிருப்பார்கள். அதில் போடாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு நீங்கள் எழுந்திருக்க வேண்டியது விடியற்காலை மூன்று மணிக்கு முன்னால்.

போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் பெயர் மாற்றி இப்போது ஸ்ரீ விஜயபுரம், பேச்சில் இன்னும் பலருக்குப் போர்ட் பிளேர்தான்) பாராடாங் தீவு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை. ஆனால் வழியில் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் (பாராடாங்குக்கு ஃபெர்ரி ஏறும் கரை) வரைக்கும் 50 கிலோமீட்டர் வாக்கில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அதற்குள் யாரும் நினைத்த நேரத்தில் போக முடியாது. வண்டிகளை வரிசைகட்டி, முன்னும் பின்னும் போலீஸ் காவலோடு, ஒரு நாளைக்குச் சில தடவைதான் அனுப்புவார்கள். அதைத்தான் கான்வாய் என்கிறார்கள். போவதற்கும் கான்வாய், வருவதற்கும் கான்வாய். கடைசித் திரும்பும் கான்வாயைத் தவறவிட்டால் அன்று இரவு பாராடாங்கில்தான்.

அதனால் இந்த நாளைக் காலையிலிருந்து திட்டமிடாதீர்கள். திரும்பும் கான்வாயை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசி கான்வாய் பிற்பகல் மூன்று மணி வாக்கில் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணிக்கு நீங்கள் பாராடாங் படகுத்துறையில் (அங்கே ஜெட்டி என்பார்கள்) நிற்க வேண்டும். குகைக்குப் போய்வர மூன்று மணி நேரம், சேற்று எரிமலைக்கு ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி. படகுக்குக் காத்திருப்பது தனி. கூட்டிப் பார்த்தால் காலை எட்டு மணிக்குள் அக்கரை சேர்ந்திருக்க வேண்டும் என்று வரும். ஆறு மணி கான்வாயில் போனால்தான் அது நடக்கும். ஒன்பது மணி கான்வாயிலும் போகலாம், ஆனால் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கும், பெரும்பாலும் எரிமலையை. இந்த நேரங்கள் அவ்வப்போது மாறும். முந்தின நாள் மாலை டிரைவரிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில், போகத்தான் வேண்டுமா?

இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப வர பதினைந்து மணி நேரம் வாக்கில் ஆகும். அதில் குகை, படகு, எரிமலை என்று நீங்கள் ‘பார்க்கும்’ நேரம் இரண்டரை மணி தேறினால் அதிகம். மீதி வண்டியிலும் வரிசையிலும் போகும். கடற்கரையும் பவளப்பாறையும் போதும் என்பவர்கள் ஸ்வராஜ் த்வீப்பில் (பழைய ஹேவ்லாக்) இன்னொரு நாள் தங்குவது புத்திசாலித்தனம். முட்டிவலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருபவர்கள் எல்லோரும் ஒன்றுக்கு இரண்டுமுறை யோசிக்க வேண்டும். காடு பிடிக்கும், நிலம் எப்படி உருவாகிறது என்று பார்க்கப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள். எனக்கு அந்தமானில் இன்னும் கண்ணுக்குள் நிற்பது இந்த நாள்தான்.

“ஆதிவாசிகளைப் பார்க்கலாம்” என்று யாராவது இந்தப் பயணத்தை விற்றால் அவரிடம் வண்டி எடுக்காதீர்கள். ஏன் என்று கான்வாய்ப் பகுதியில் சொல்கிறேன்.

வண்டி பேசும்போது

தனி வண்டி, பலரோடு பகிரும் வண்டி என்று இரண்டும் கிடைக்கும். பகிரும் வண்டி மலிவு, ஆனால் பத்துப் பேரை ஹோட்டல் ஹோட்டலாக ஏற்றிக்கொண்டு போவதால் இரண்டரை மணிக்கே வாசலில் ஹார்ன் அடிப்பார்கள். எதை எடுத்தாலும் காசு கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: எந்த கான்வாய்? வனத்துறை அனுமதிக் கட்டணமும் படகுக் கட்டணமும் இதில் அடக்கமா? எரிமலைக்குப் போகும் ஜீப் அடக்கமா? குகைக்குக் கூடவே வழிகாட்டி வருவாரா, அல்லது படகுக்காரரே டார்ச் பிடித்துக் காட்டிவிடுவாரா?

ஜீப் விஷயத்தை அழுத்திக் கேளுங்கள். பல டிரைவர்கள் வண்டியை மிடில் ஸ்ட்ரெயிட் கரையிலேயே நிறுத்திவிட்டு உங்களை மட்டும் அக்கரைக்கு அனுப்புவார்கள். எரிமலைக்கு அங்கிருந்து வேறு ஜீப். “எல்லாம் அடக்கம் சார்” என்று என்னிடம் சொன்ன ஒருவர், ஜீப் அருகில் போய் நின்றதும் “அது மட்டும் தனி” என்றார். ஐந்து பேர் சில்லறை தேடி நின்றதில் கால் மணி நேரம் போயிற்று. கால் மணி நேரம் இந்த நாளில் பெரிய தொகை.

வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகத் திங்கட்கிழமை, குகைக்கு விடுமுறை. மழைக்காலத்தில் படகை நிறுத்திவைப்பதும் உண்டு. அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது.

பையில் என்ன

ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் சேர்த்து. சோதனைச் சாவடியில் எல்லோருடைய பெயரும் படிவத்தில் ஏறும். நல்ல டார்ச் ஒன்று. குகைக்குள் போன் வெளிச்சம் போதாது, தவிர போனைப் பிடித்த கையால் பாறையைப் பிடிக்க முடியாது. அடிப்பாகம் வழுக்காத செருப்போ ஷூவோ. தொப்பி, கொசுக்கடிக்கு ஏதாவது க்ரீம், ஒரு பாட்டில் தண்ணீர், ரொக்கப் பணம். சிக்னல் நம்பும்படி இருக்காது, ஆகவே ஸ்கேன் செய்து பணம் அனுப்பிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் வண்டி ஏறும் முன்பே போட்டுவிடுங்கள்.

மூன்றரை மணி: ஜிர்க்காடாங் வரிசை

ஊரை விட்டு வெளியே வந்ததும் இருட்டுதான். ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடிய பிறகு திடீரென்று ஒரு திருவிழா மாதிரி வெளிச்சம் தெரியும். சாலையோரம் டீக்கடைகள், ஆவி பறக்கும் இட்லிச் சட்டி, பூரிக் கல், தூக்கக் கலக்கத்தில் போர்வையோடு இறங்கி நிற்கும் கூட்டம். நாங்கள் நாலரைக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் எழுபது வண்டி நின்றிருந்தது. டிரைவர் படிவத்தைக் கொடுக்கப் போய்விடுவார். உங்களுக்கு அங்கே இரண்டு வேலைதான்.

ஒன்று, சாப்பிடுவது. தமிழ் பேசும் கடைக்காரர்கள் இருப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். இன்னொன்று, கழிப்பறை. வண்டி கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்கு எங்கேயும் நிற்காது, எதற்காகவும் நிற்காது. இரண்டாவது டீ வேண்டாம் என்பது என் தனிப்பட்ட அறிவுரை.

கான்வாய்க்குள்

கேட் திறந்ததும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, முந்தக் கூடாது, நிற்கக் கூடாது, கண்ணாடியைத் திறக்கக் கூடாது. படம், வீடியோ எதுவும் எடுக்கக் கூடாது. இவையெல்லாம் சும்மா பலகையில் எழுதிவைத்தவை அல்ல. மீறினால் வழக்கு, சிறை வரைக்கும் போகும்.

ஜாரவாக்கள் தங்களை ‘அங்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மொத்தமே சுமார் 400 பேர். 1998 வாக்கில்தான் வெளியாரோடு பகையில்லாமல் பழகத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு வந்து போகும் ஒரு சளி அவர்களுக்கு என்னவாகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இந்தச் சாலையைக் காப்புக்காட்டுப் பகுதியில் மூடச் சொல்லி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012-இல், சுற்றுலாக்காரர்களுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச்சொன்ன வீடியோ ஒன்று வெளியாகி உலகம் முழுக்கத் தலைகுனிவானது. அதே ஆண்டு பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.

எனவே அந்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் இன்னொருவர் வீட்டு நடுக்கூடத்தின் வழியாகப் போகிறீர்கள். சாலையோரம் யாராவது தென்பட்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டு பேசாமல் போங்கள். கையசைப்பது, பிஸ்கட் எறிவது, “அங்க பாரு, அங்க பாரு” என்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவது எதுவும் வேண்டாம். போனைப் பைக்குள் போட்டுவிட்டால் சபலமும் இருக்காது. காட்டைப் பாருங்கள். விடியும் நேரத்தில் அந்த மரங்களின் உயரம் மெல்ல மெல்லத்தான் புரியும். அடிமரத்தில் தொடங்கிய பார்வை கிளைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி அடுத்த வளைவில் திரும்பிவிடும்.

மிடில் ஸ்ட்ரெயிட்: படகுக்குப் படகு

காடு முடிந்தால் நீர். தெற்கு அந்தமானுக்கும் பாராடாங்குக்கும் நடுவில் ஒரு கழிமுகம் மாதிரிப் பரந்த நீரிணை. பஸ், லாரி, ஆட்கள் எல்லோரையும் ஒரே தட்டையான ஃபெர்ரியில் ஏற்றி அக்கரையில் நீலாம்பூர் ஜெட்டிக்குக் கொண்டு போகிறார்கள். கடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஏறத்தான் நேரம் ஆகும்.

இறங்கியதும் டீக்கடை பக்கம் திரும்பாதீர்கள். நேராக வனத்துறை அனுமதி வாங்கும் இடத்துக்கும், அப்புறம் ஸ்பீட் போட் வரிசைக்கும் போய்விடுங்கள். கான்வாயில் வந்த அத்தனை பேரும் அங்கேதான் வரப்போகிறார்கள். முதல் பத்துப் படகில் போனவர்களுக்கும் கடைசிப் பத்தில் போனவர்களுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் வரும். வழிகாட்டியோடு போவதால் வரும் நிஜமான ஆதாயம் இங்கேதான். நீங்கள் கழிப்பறை தேடும் நேரத்தில் அவர் உங்கள் பெயரை வரிசையில் சேர்த்திருப்பார்.

படகில் எட்டுப் பத்துப் பேர். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டிக்கொள்ளுங்கள். பாதி பேர் மேல் கொக்கியோடு விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. முன்பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும், நனைந்தும் போவீர்கள்.

அரை மணி நேரப் பயணத்தில் கடைசிப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். அகன்ற நீரில் சத்தமாக ஓடிவந்த படகு, ஒரு திருப்பத்தில் எஞ்சினைத் தணித்து ஓர் இடுக்குக்குள் நுழையும். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் தலைக்கு மேலே கைகோத்திருக்கும். சட்டென்று வெளிச்சம் பச்சையாகிவிடும், சத்தம் அடங்கிவிடும். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் மூச்சுவிட மேலே வருகின்றன. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குச் சுரபுன்னைக் காடு புதிதல்ல, ஆனால் இங்கே மரங்கள் இன்னும் உயரம், ஓடை இன்னும் ஒடுக்கம். கையைத் தண்ணீரில் அளையவிடாதீர்கள். அந்தமானின் இந்த ஓடைகள் உவர்நீர் முதலை வாழும் இடம்.

குகைக்கு நடை

நயாடேரா என்ற இடத்தில் மரப்பாலம் மாதிரியான சிறிய ஜெட்டி. அங்கிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் வாக்கில் நடை: கொஞ்சம் காடு, கொஞ்சம் வயல் ஓரம், கடைசியில் மேடு. வேர்களும் ஈரக் கல்லும் இருப்பதால் பேசிக்கொண்டு நடந்தால் தடுக்கும். வழியில் ஊர்க்காரர்கள் எலுமிச்சை ஜூஸ் விற்பார்கள். பாராடாங்கில் இருப்பவர்களில் கணிசமானோர் ராஞ்சிப் பக்கத்திலிருந்து பிரிட்டிஷ் காலத்தில் காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஜூஸைப் போகும்போது குடிக்காதீர்கள், வரும்போது குடியுங்கள். அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

குகை வாசல் திறந்த பாறைப் பிளவு போலத் தொடங்கி, உள்ளே போகப் போக மேலே மூடிக்கொண்டு இருட்டாகும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையை அரித்துக்கொண்டு இறங்குகிறது. கூரையில் சொட்டாக நிற்கும்போது வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பில் துளியளவு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த சொட்டு, அடுத்த துளி. இப்படித்தான் மேலிருந்து விழுதும், கீழே விழுந்த சொட்டிலிருந்து மேலெழும்பும் கூம்பும் வளர்கின்றன. டார்ச்சை விழுதின் நுனியில் நிறுத்திப் பாருங்கள். ஒரு சொட்டு உருண்டு தொங்கிக்கொண்டு இருக்கும். அது விழும் வரை காத்திருக்க முடிகிறதா பாருங்கள். எங்கள் கூட்டத்தில் யாராலும் முடியவில்லை, பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

தொடாதீர்கள் என்று வழிகாட்டி சொல்வதற்குக் காரணம் உண்டு. கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, வளர்ச்சி நின்றுபோகலாம். வாசலுக்குப் பக்கத்தில் கை எட்டும் உயரத்தில் எல்லாம் கறுத்துப்போயிருப்பதையும், எட்டாத உயரத்தில் வெள்ளையாக மின்னுவதையும் நீங்களே பார்க்கலாம். வழிகாட்டி டார்ச்சை ஆட்டி “இது பிள்ளையார், இது யானைத் தும்பிக்கை, இது தாமரை” என்று வரிசையாகக் காட்டுவார். ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒருமுறையாவது எல்லோரையும் டார்ச்சை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். சொட்டுகள் விழும் சத்தம் அப்போதுதான் காதில் விழும்.

சேற்று எரிமலை: எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு

ஜெட்டிக்குத் திரும்பும்போது மணி பதினொன்று பதினொன்றரை ஆகியிருக்கும். ஜீப்பில் சில கிலோமீட்டர், அப்புறம் ஒரு சிறிய ஏற்றம். மேலே வேலி போட்ட சாம்பல் நிறச் சேற்றுத் திடல்.

‘எரிமலை’ என்ற சொல்லை நம்பி வந்த குழந்தைகள் “இவ்வளவுதானா?” என்பார்கள். நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. பூமிக்கடியில் அழுத்தத்தில் இருக்கும் இயற்கை வாயு, களிமண்ணையும் நீரையும் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. நெருப்பு எரிமலை பார்க்க வேண்டுமென்றால் அது கடலுக்குள் தனியே இருக்கும் பாரன் (Barren) தீவு. இந்தியாவில் உயிரோடு உள்ள ஒரே எரிமலை அதுதான். இங்கே ஒரு குழியை மட்டும் தேர்ந்தெடுத்துக் குனிந்து பாருங்கள். சேறு மெதுவாக உப்பும், பளபளக்கும், தோசைமாவில் வரும் குமிழ் மாதிரி ‘ப்ளக்’ என்று உடையும். மீண்டும் அமைதி. மூன்று நான்கு குமிழ் பார்த்தால் பிடித்துப்போய்விடும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து இதே பாராடாங்கில் சேறு பீறிட்டது. வேலியைத் தாண்டாதீர்கள், மேலே காய்ந்த ஓடு போலத் தெரிந்தாலும் உள்ளே குழைசேறு. சீற்றம் கூடினால் பாதையை மூடிவிடுவார்கள், அதனால் காலையில் ஜெட்டியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குகைக்கு நேரம் அதிகமாகிவிட்டால் வெட்ட வேண்டியது இதைத்தான். தயங்காமல் வெட்டுங்கள்.

திரும்புதல்

ஜெட்டி அருகே சோறு, பருப்பு, மீன் குழம்பு என்று எளிமையான சாப்பாடு கிடைக்கும். படகுக்குப் போகும்போதே கடையில் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போனால் வந்ததும் உட்காரலாம். அந்தி நேரத்தில் ஆயிரக்கணக்கான கிளிகள் வந்தடையும் ‘பேரட் ஐலண்ட்’ பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். அருமையான இடம்தான், ஆனால் அது இரவு பாராடாங்கில் தங்குபவர்களுக்கு. ஒருநாள் பயணத்தில் அதைச் சேர்க்க வழியில்லை.

இரண்டு மணிக்கு ஃபெர்ரி பக்கம் வந்துவிடுங்கள். டிரைவர் அக்கரையில் இருந்தால், வண்டி எங்கே நிற்கிறது என்று காலையிலேயே ஓர் அடையாளம் குறித்துக்கொள்வது நல்லது. எல்லாம் வெள்ளை வண்டி, போனில் பிடிக்கவும் முடியாது. திரும்பும் கான்வாயில் விதிகள் அதேதான், தூக்கம்தான் கூடுதல். அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஊர் வந்து சேர ஆறு, ஆறரை.

மறுநாள் ஸ்வராஜ் த்வீப்புக்குக் கப்பல் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் ஆறு மணிக் கப்பல் வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து மூன்று மணிக்கு எழுப்பினால் கூட வந்தவர்கள் உங்களோடு பேச மாட்டார்கள்.